தலையைப் பிடித்தாலும் குத்தும் பாம்பு

கடலோரம் எழுதியது:

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் வந்து நான்கு வருடம் ஆகிறது. இதுவரை இந்தப் பக்கத்தில் குரங்குத் தொல்லை பற்றி மட்டும்தான் புலம்பியிருக்கிறேன். இந்த முறை பாம்பு.

போன செவ்வாய் ராத்திரி, வெயில் காலத்தின் முதல் நல்ல மழை. மழை விட்டதும் ஒன்பதரை மணிபோல் குப்பையை வெளியே வைக்கப் போனேன். கார் நிற்கும் இடத்தில் கதவோரம் கறுப்பாக ஷூ லேஸ் மாதிரி ஏதோ கிடந்தது. கிட்டப் போனதும் நகர்ந்தது. நீளம் ஓரடிக்குச் சற்றுக் கூட. எண்ணெய் தடவியது போலப் பளபளப்பு. தலை எது, வால் எது என்று சட்டென்று தெரியவில்லை. நம் ஊர்ப் புழுப்பாம்புக்குப் பெரியப்பா மாதிரி இருந்தது. சரி, அப்பாவிதான் என்று முறத்தையும் துடைப்பத்தையும் எடுத்து வந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். 1860-க்குப் பிறகு கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவர். அவரிடம் தமிழ் பத்துப் பன்னிரண்டு சொல்லோடு நின்றுவிட்டது. அதில் ஒன்று 'பாம்பு' என்று அன்றுதான் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் ஆங்கிலத் திட்டு.

அவரே பாம்பு பிடிப்பவரை வரவழைத்தார். வந்தவர் அதைக் கையால் தொடவே இல்லை. ஒரு நீளக் குச்சி, அகல வாய் பிளாஸ்டிக் டப்பா, அவ்வளவுதான். டப்பாவைத் தரையில் சாய்த்து, குச்சியால் மெல்லத் தள்ளி உள்ளே போகவைத்து மூடினார். "டிவியில் காட்டுவது போல் தலைக்குப் பின்னால் பிடிக்கலாமே?" என்று கேட்டேன். வலது கை ஆள்காட்டி விரலைக் காட்டினார். நுனிக் கணு இல்லை. "இந்தப் பாம்புக்குத் தலைக்குப் பின்னால் என்று ஓர் இடமே கிடையாது" என்றார்.

ஸ்டிலெட்டோ பாம்பு என்று பெயர் சொன்னார். அவர் சொன்னதன் அர்த்தம் என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சாரைப்பிடி எழுதியது:

அண்ணா, எந்தப் பாம்பாக இருந்தாலும் தாடை முடியும் இடத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சரியாக விழுந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பதினைந்து வருடமாக ஊரில் பிடித்துக் காட்டில் விடுகிறேன். நாகம், கண்ணாடி விரியன், சாரை எல்லாம் பார்த்தாயிற்று. அந்த ஆள் பிடியைக் கோட்டை விட்டிருப்பார், பழியைப் பாம்பின் மேல் போட்டுவிட்டார். ஓரடிப் பாம்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?


வளைத்தோண்டி எழுதியது:

சாரைப்பிடி தம்பி, விரலில் மிச்சம் இருக்கும்போதே இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் ஆளை அறிமுகம் செய்துவிடுகிறேன். அறிவியல் பெயர் அட்ராக்டாஸ்பிஸ் பிப்ரோனி. 1849-இல் ஆண்ட்ரூ ஸ்மித் விவரித்துப் பெயர் வைத்தார். ஸ்காட்லாந்துக்காரர், ராணுவ மருத்துவர், கேப் டவுன் அருங்காட்சியகத்தைத் தொடங்கி நடத்தியவர். பெயரில் இருக்கும் பிப்ரோன், அதற்கு முந்தைய ஆண்டு இறந்துபோன பிரெஞ்சு ஊர்வன ஆய்வாளர். தென்னாப்பிரிக்காவின் வடக்கு, கிழக்குப் பகுதிகளிலிருந்து மொசாம்பிக், ஜிம்பாப்வே, ஜாம்பியா, தான்சானியா, கென்யக் கடற்கரை வரை, மேற்கே நமீபியா, அங்கோலா வரை இருக்கிறது. டர்பன் சுற்றுவட்டாரத்தில் தாராளம். பெரும்பாலும் ஓரடி முதல் ஒன்றரை அடி. இரண்டடியைத் தாண்டினால் அது பெரிய பாம்பு.

இப்போது பல். நாகத்துக்கு நச்சுப்பல் முன்வாயில் சின்னதாக, அசையாமல் நிற்கும். விரியனுக்கு நீளமாக இருக்கும், வாய்க்குள் மடங்கிப் படுத்திருக்கும், வாயைத் திறந்ததும் முன்னால் எழுந்து நிற்கும். இரண்டுமே கடிப்பதற்கு வாயைத் திறந்தாக வேண்டும். உங்கள் பிடி அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது: வாய் முன்னால் இருக்கிறது, விரல் பின்னால் இருக்கிறது.

ஸ்டிலெட்டோவின் பல்லும் விரியனுடையது போலவே நீளம், உள்ளே துளை உள்ளது. ஆனால் அந்தப் பல் முளைத்திருக்கும் மேல்தாடை எலும்பு குட்டையானது. அது அமர்ந்திருக்கும் மூட்டு பக்கவாட்டில் சுழலும். வாய் கிட்டத்தட்ட மூடியே இருக்கும். கீழ்த்தாடை எதிர்ப்பக்கம் லேசாக ஒதுங்கும். அந்த இடுக்கில் ஒரு பக்கத்துப் பல் மட்டும் உதட்டுக்கு வெளியே வந்து பின்னோக்கி நிற்கும். பிறகு பாம்பு தலையைக் கீழும் பின்னுமாக ஒரு வெட்டு வெட்டும். கடி இல்லை இது, குத்து. பல் நிற்கும் திசை எது? பின்னால். அங்கே என்ன இருக்கிறது? உங்கள் கட்டைவிரல்.

அந்தப் பாம்பு பிடிப்பவர் சொன்னது இதுதான். மற்ற பாம்புகளிடம் பாதுகாப்பான ஒரே இடம், இதனிடம் ஆபத்தான இடம்.


முதலாண்டு எழுதியது:

ஐயா ஒரு சந்தேகம். வாயைத் திறந்து நேராகக் கடித்தால் சுலபம்தானே? எதற்கு இவ்வளவு சுற்றி வளைத்த ஏற்பாடு?


வளைத்தோண்டி எழுதியது:

நல்ல கேள்வி. உங்களை ஒரு குழாய்க்குள் படுக்க வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரை அடிக்கச் சொன்னால் எப்படி அடிப்பீர்கள்? கையை ஓங்க இடம் இல்லை. முழங்கையால்தான் இடிக்க முடியும்.

இது மண்ணுக்குள் வாழும் பாம்பு. பெரிதாகத் தோண்டாது. எலி வளை, தளர்ந்த மண், கறையான் புற்று, மக்கிய மரத்தின் அடி, கல்லுக்கடி என்று ஏற்கெனவே இருக்கும் சந்துகளில் போய்வரும். சாப்பாடு அங்கேயே இருப்பவர்கள்தான்: கால் இல்லாத அரணைகள், புழுப்பாம்புகள், தவளை, வளைக்குள் கண் திறக்காத எலிக்குஞ்சுகள். அந்தக் குறுகலில் தலையைப் பின்னுக்கு இழுத்துப் பாய முடியாது. விரியன் போல் வாயைப் பிளக்கவும் இடம் போதாது. இரையோடு ஒட்டிக்கொண்டே ஊர்ந்து போய், இரை தன் கன்னத்துக்கு நேராக வந்ததும் பக்கவாட்டில் ஒரு குத்து. எலிக்கூடு கிடைத்துவிட்டால் ஒன்றைத் தின்றுவிட்டு அடுத்ததைத் தேடாது. முதலில் வரிசையாக எல்லாவற்றையும் குத்திவிடும், சாப்பாடு அப்புறம்.

இதற்கு ஒரு விலையும் கொடுத்திருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். சாதாரணப் பாம்பு இரையை விழுங்குவது எப்படி என்று பார்த்திருப்பீர்கள். மேல்வாயில் உள்புறமாக இரண்டு பல் வரிசைகள் உண்டு. இடம், வலம் என்று மாற்றி மாற்றி அவற்றை இரையின் மேல் நடத்திக்கொண்டே போகும். இரை வாய்க்குள் போகிறது என்பதைவிட, பாம்பு இரையின் மேல் ஏறிப் போகிறது என்று சொல்லலாம். அட்ராக்டாஸ்பிஸுக்கு அந்த உள்வரிசைப் பற்கள் உதவாத அளவுக்குக் குறைந்துவிட்டன. 2003-இல் டியூஃபெல், கண்டால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இது சாப்பிடும் விதத்தை நுணுக்கமாகப் பதிவு செய்தார்கள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகித் திருகி, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளித்தான் விழுங்குகிறது. குத்துவதற்கு ஏற்றபடி தாடை மாறியதில் விழுங்கும் வசதி போய்விட்டது. கொல்வதில் கெட்டிக்காரன், சாப்பாட்டுத் தட்டில் திண்டாட்டம்.


சாரைப்பிடி எழுதியது:

சரி சார், பல் பக்கத்தில் வருகிறது. ஒத்துக்கொள்கிறேன். தலையை இன்னும் முன்னால், இரண்டு பக்கமும் அழுத்தி, தாடையையே பூட்டிப் பிடித்தால்?


வளைத்தோண்டி எழுதியது:

தாடையின் பக்கம் என்று நீங்கள் அழுத்தும் இடத்தில்தான் பல் வெளியே வரும். ஊசிப் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தால் குத்தாது என்கிறீர்கள்.


இராப்பணி எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் மருத்துவர். டர்பன் இருக்கும் குவாசுலு-நடால் மாகாணத்தில் ஒரு சின்ன மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். கோடையில், மழைக்குப் பிறகு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் பாம்புக்கடி என்று ஆள் வந்தால் மனதில் முதலில் இந்தப் பாம்புதான் வரும்.

வருகிறவர்கள் இரண்டு வகை. வெறுங்காலோடு முற்றத்தில் நடந்தவர்கள் ஒரு வகை. அவர்களுக்குக் கால் விரலில் இருக்கும். "சின்னப் பாம்புதானே" என்று கையில் எடுத்தவர்கள் இன்னொரு வகை. அவர்களுக்குக் கட்டைவிரலிலோ ஆள்காட்டி விரலிலோ இருக்கும். பெரும்பாலும் இரண்டு துளை இருக்காது, ஒன்றுதான். வளைத்தோண்டி சொன்ன அதே காரணம். ஒரு முறை ஒரு பையன் செல்போனில் படம் கொண்டுவந்தான். இடது கையில் பாம்பு, வலது கையில் போன், முகத்தில் சிரிப்பு. அந்தப் படம் எடுத்த அடுத்த நொடியில்தான் குத்து வாங்கியிருக்கிறான்.

வலி உடனே தொடங்கும். நெருப்பில் கை வைத்தது போல என்று கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள். வீக்கம் விரலிலிருந்து புறங்கைக்கு, சிலருக்கு முழங்கை வரை ஏறும். அக்குளில் நெறிகட்டி வலிக்கும். சிலருக்குக் குமட்டல், வாந்தி. அடுத்த நாட்களில் குத்திய இடத்தில் கொப்புளம், பிறகு தோல் கறுத்துச் சதை அழுகத் தொடங்கலாம். பலருக்கு வீக்கம் வடிந்து சரியாகிவிடும். சிலருக்கு விரல் நுனி போய்விடும். தென்னாப்பிரிக்காவில் பிப்ரோன் பாம்பால் உயிர் போனதாகப் பதிவு இல்லை. அதைச் சொன்னால் நோயாளிக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொல்வேன். அந்த வலியில் யாரும் காதில் வாங்கியதில்லை.

விஷமுறிவு மருந்து கிடையாது. தென்னாப்பிரிக்காவில் தயாராகும் பலபாம்பு மருந்து பஃப் ஆடர், கபூன் ஆடர், ரிங்கால்ஸ், மாம்பாக்கள், நாகங்கள் ஆகிய பாம்புகளுக்கு வேலை செய்யும். பூம்ஸ்லாங் என்ற மரப்பாம்புக்குத் தனி மருந்து உண்டு. ஸ்டிலெட்டோ இந்தப் பட்டியலிலேயே இல்லை. அந்த மருந்தை ஏற்றினால் பயன் இருக்காது, ஒவ்வாமை ஆபத்து மட்டும் மிஞ்சும். நாங்கள் செய்வது வலியைக் குறைப்பது, கையைச் சற்று உயர்த்தி வைப்பது, புண்ணைக் கவனிப்பது, பொறுத்திருப்பது.


மஞ்சள்பத்து எழுதியது:

டாக்டர், எங்கள் பக்கம் கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டிவிட்டு, கீறி ரத்தத்தை வெளியேற்றிவிடுவார்கள். நஞ்சு ஏறாது என்பார்கள்.


இராப்பணி எழுதியது:

வேண்டவே வேண்டாம். இந்த நஞ்சு இருக்கும் இடத்திலேயே சதையைக் கெடுக்கிறது. கட்டுப் போட்டால் அத்தனையும் அந்த விரலிலேயே தேங்கும், ரத்த ஓட்டமும் நின்றுவிடும். பாம்பு எடுத்திருக்காத விரலைக் கட்டு எடுத்துவிடும். கீறினால் கிருமி உள்ளே போக வழி. மோதிரம், வளையல், கடிகாரத்தை உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கையை ஆட்டாமல் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். நம் ஊர்ப் பாம்புக்கும் கீறுவது, இறுக்கிக் கட்டுவது இரண்டும் கூடாது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.


சலாலாக்காரன் எழுதியது:

இது இந்தியாவில் உண்டா? நான் ஓமானில் இருக்கிறேன், இங்கே உண்டா? குழந்தைகள் ராத்திரி வெளியே விளையாடுகிறார்கள், அதனால் கேட்கிறேன்.


வளைத்தோண்டி எழுதியது:

இந்தியாவில் இல்லை, இலங்கையிலும் இல்லை. இந்தப் பேரினத்தில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள். ஏறக்குறைய எல்லாமே ஆப்பிரிக்கா. இரண்டு மட்டும் செங்கடலைத் தாண்டி இந்தப் பக்கம் இருக்கின்றன. ஒன்று இஸ்ரேல், ஜோர்டான், சினாய் பக்கம். இன்னொன்று, அட்ராக்டாஸ்பிஸ் ஆண்டர்சோனி, அரேபியாவின் தென்மேற்கு மூலையிலிருந்து ஓமானின் தோஃபார் வரை. சலாலா அதே தோஃபாரில்தான் இருக்கிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை. இருட்டில் செருப்பும் டார்ச்சும் இருந்தால் போதும். குட்டையான, பளபளக்கும் கறுப்புப் பாம்பைக் கண்டால் யாரும் கையில் எடுக்காதீர்கள்.


மாத்திரைச்சீட்டு எழுதியது:

அந்த இஸ்ரேல் பாம்பைப் பற்றி நான் சொல்கிறேன். மருந்தியல் படித்த காலத்தில் எங்களை உறையவைத்த கதை அது.

சாக்கடல் கரையில் எயின் கெதி என்று ஓர் ஊற்றுப் பசுஞ்சோலை இருக்கிறது. அந்த ஊரின் பெயரைத்தான் அந்தப் பாம்புக்கு வைத்திருக்கிறார்கள்: அட்ராக்டாஸ்பிஸ் எங்கடென்சிஸ். 1950-இல் ஹாஸ் என்பவர் விவரித்தது. எபிரேய மொழியில் அதை சாராஃப் என்பார்கள். எரித்தல் என்ற வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. வேதாகமத்தில் வரும் கொள்ளிவாய்ச் சர்ப்பத்துக்கும் அதே சொல்தான். டாக்டர் சொன்ன 'நெருப்பில் கை வைத்தது போல' என்பதைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

இந்த இனம் குத்தினால் வலி, வீக்கத்தோடு நிற்காது. இதயத்தின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். இறந்தவர்கள் இருக்கிறார்கள். டெல் அவிவில் இதன் நஞ்சைப் பிரித்து ஆராய்ந்தவர்கள், இந்த வேலையைச் செய்யும் சின்னப் புரதத் துணுக்குகளுக்கு சாராஃபோடாக்சின் என்று பெயர் வைத்தார்கள்.

இதோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் ஜப்பானில் சுகுபா பல்கலைக்கழகத்தில் யானகிசாவா, மசாகி குழுவினர் வேறு வேலையில் இருந்தார்கள். ரத்தக் குழாயின் உட்சுவர் செல்கள், குழாயைச் சுருங்கவைக்கும் ஏதோ ஒரு பொருளைச் சுரக்கின்றன, அது என்ன என்பதுதான் அவர்கள் கேள்வி. பன்றியின் ரத்தக் குழாய்ச் செல்களிலிருந்து அதைப் பிரித்து 1988-இல் வெளியிட்டார்கள். எண்டோதெலின் என்று பெயர். 21 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி, இரண்டு இடங்களில் கந்தகப் பாலம். அதுவரை தெரிந்த சுருக்கிகளிலேயே மிக வலியது.

அதே 1988-இல் சாராஃபோடாக்சினின் அமைப்பும் வெளிவந்தது. அதுவும் 21. பாலங்களும் அதே இடங்களில். பெரும்பாலான அமினோ அமிலங்களும் ஒன்று.

நம் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளும், பாலைவனத்து வளைக்குள் வாழும் பாம்பின் நஞ்சும் கிட்டத்தட்ட ஒரே சாவி. பாம்புக்கும் உடம்பில் சொந்தமாக எண்டோதெலின் உண்டு. அதிலிருந்து பிரிந்த ஒரு பதிப்பைத்தான் ஆயுதமாக்கிக்கொண்டது என்று நினைக்கிறார்கள். தன் வீட்டுக் குழாயின் அழுத்தத்தைச் சீராக்க வைத்திருந்த திருகைக் கொண்டுபோய், பக்கத்து வீட்டுக் குழாயை உடையும்வரை திருகிவிடுவது போல.

கடலோரத்தின் டர்பன் பாம்பிலும் இந்தக் குடும்பம் இருக்கிறது. 1993-இல் பிப்ரோடாக்சின் என்று ஒன்றைப் பிரித்தார்கள். எயின் கெதியின் ஒரு வகையோடு ஒப்பிட்டால் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வேறு. ஆனாலும் இது குத்தினால் பாதிப்பு பெரும்பாலும் கையோடு நின்றுவிடுகிறது.


முதலாண்டு எழுதியது:

அக்கா, அப்படியென்றால் இதிலிருந்து மருந்து வந்திருக்குமே?


மாத்திரைச்சீட்டு எழுதியது:

பாம்பிலிருந்து நேராக இல்லை. எண்டோதெலின் உட்காரும் நாற்காலியை, அதாவது செல்லின் மேல் அது போய் ஒட்டும் இடத்தை, அடைத்துவிடும் மருந்துகள் வந்தன. போசென்டான் கேள்விப்பட்டிருப்பாய். நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறும் நோய்க்கு 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நான் வாரத்துக்கு ஒன்றிரண்டு சீட்டு பார்க்கிறேன். எண்டோதெலினின் நாற்காலிகளைப் பற்றிய சோதனைச்சாலை வேலைகளில் சாராஃபோடாக்சின் ஒரு கருவியாக இன்றும் பயன்படுகிறது. அதில் ஒரு வகை, இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் மட்டும் போய் உட்காரும், அதனால் வசதி.


சொல்லாய்வு எழுதியது:

இத்தனை பேரும் 'ஸ்டிலெட்டோ' என்றே எழுதுகிறீர்கள். தமிழில் ஒரு பெயர் வேண்டாமா? ஸ்டிலெட்டோ என்பது ஒடுங்கிய, வெட்டுவாய் இல்லாத, குத்துவதற்கு மட்டுமான இத்தாலியக் கத்தி. பேரினப் பெயரான அட்ராக்டாஸ்பிஸ் கிரேக்கத்தில் நூல் நூற்கும் கதிரையும் பாம்பையும் சேர்த்தது. கதிர்ப்பாம்பு என்று வைக்கலாம்.


கடலோரம் எழுதியது:

இங்கே ஆப்பிரிகான்ஸ் மொழியில் 'சைபிக்ஸ்லாங்' என்கிறார்கள். பக்கத்தில் கொத்தும் பாம்பு என்று அர்த்தமாம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பெயரைக் கேட்டவுடனே எச்சரிக்கையும் வந்துவிடுகிறது.


மஞ்சள்பத்து எழுதியது:

மூட்டையில் அரிசி எப்படி என்று பார்க்கச் செருகி எடுப்போமே, குத்தூசி. குத்தூசிப் பாம்பு. முடிந்தது.


சொல்லாய்வு எழுதியது:

குத்தூசி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கதிரை நான் விடப்போவதில்லை.


சாரைப்பிடி எழுதியது:

நான் கொஞ்சம் தேடிப் பார்த்தேன். பழைய புத்தகங்களில் இதை 'மோல் வைப்பர்' என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் விரியன்தானே? விரியன் எனக்குப் புதிது இல்லை.


வளைத்தோண்டி எழுதியது:

கட்டுவிரியன் விரியனா?


சாரைப்பிடி எழுதியது:

இல்லை. நாகத்தின் கூட்டம்.


வளைத்தோண்டி எழுதியது:

அதேதான். நம் ஆட்கள் பெயரை வைத்துவிட்டார்கள், பாம்பு கேட்கவில்லை. இங்கேயும் அதே கதை. நீளமான, அசையும் நச்சுப்பல்லைப் பார்த்ததும் அந்தக் காலத்து ஆய்வாளர்கள் விரியன் வரிசையில் போட்டுவிட்டார்கள். பிறகு மண்டை ஓட்டை எலும்பு எலும்பாகப் பார்த்தபோது பொருந்தவில்லை. டிஎன்ஏ வந்ததும் வழக்கு முடிந்தது. இதன் நெருங்கிய உறவினர்கள் பூரான் தின்னும் சின்னப் பாம்புகள் போன்ற ஆப்பிரிக்க மண்ணடிப் பாம்புகள். அவற்றில் பலவற்றின் நச்சுப்பல் பின்வாயில் இருக்கிறது, மனிதனுக்குப் பெரிய ஆபத்தில்லை. நீண்டு அசையும் பல் விரியனிடம் ஒரு முறை, இதனிடம் தனியாக இன்னொரு முறை தோன்றியிருக்கிறது.

வேலைக்கு உதவும் வித்தியாசம் ஒன்றும் சொல்கிறேன். விரியனுக்குத் தலை முக்கோணம், கழுத்து ஒடுக்கம், கண்மணி செங்குத்துக் கீற்று, செதில் சொரசொரப்பு. பார்த்தாலே பயம் வரும். இதற்கு அப்படி ஒன்றுமே இல்லை. தலையும் உடம்பும் ஒரே பருமன், கண் புள்ளி மாதிரி, செதில் வழவழ. உங்கள் கைக்குப் பழகிய கழுத்து என்ற பிடிமானமே இதில் கிடையாது. வால் குட்டை, நுனியில் ஒரு முள். பிடித்தவன் கையில் அந்த முள்ளை அழுத்தும். திடுக்கிட்டு விடுவீர்கள், அல்லது பிடியை மாற்றுவீர்கள். முள்ளில் நஞ்சு இல்லை.

ஒரே ஓர் அடையாளம் உண்டு. சீண்டினால் கழுத்தை வில்லாக வளைத்து, மூக்கைத் தரையில் ஊன்றி நிற்கும். பார்க்க வெட்கப்பட்டுத் தலை கவிழ்ந்தது போல இருக்கும். சில சமயம் அப்படியே ஒரு துள்ளுத் துள்ளும். கறுப்பு, பளபளப்பு, மூக்கு தரையில்: விலகி நில்லுங்கள்.


கடலோரம் எழுதியது:

ஆமாம்! அந்த மூக்கு ஊன்றலை நான் பார்த்தேன். பாவம், அடிபட்டுவிட்டது போல என்று நினைத்தேன். முறத்தோடு இன்னும் ஓரடி கிட்டப் போனதும் அதனால்தான்.


மஞ்சள்பத்து எழுதியது:

எங்கள் ஊரில் வெள்ளிக்கோல் வரையன் ஒரு பாவமும் அறியாதது. கட்டுவிரியன் என்று நினைத்து வாரத்துக்கு ஒன்றை அடித்துக் கொல்கிறார்கள். அங்கே தலைகீழாக இருக்கிறது. அப்பாவி என்று நினைத்துக் கொஞ்சுகிறார்கள்.


இராப்பணி எழுதியது:

கொஞ்சியவர்களில் பாம்பு பற்றி ஓரளவு படித்தவர்களும் உண்டு. அங்கே நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்பு, மோல் ஸ்நேக் (மோல் வைப்பர் இல்லை, வேறு பாம்பு), ஊதாப் பளபளப்புப் பாம்பு என்று இதே தோற்றத்தில் நாலைந்து இருக்கின்றன. ஒன்றும் தெரியாதவன் ஓடிவிடுகிறான். அரைகுறையாகத் தெரிந்தவன், "இது ஓநாய்ப் பாம்பு" என்று எடுக்கிறான்.


முதலாண்டு எழுதியது:

முட்டையா, குட்டியா?


வளைத்தோண்டி எழுதியது:

முட்டை. கோடையில் மூன்று முதல் ஏழு வரை. பொரிந்து வரும் குஞ்சு அரையடி இருக்கும். அதனிடமும் கையை நீட்ட வேண்டாம்.


சாரைப்பிடி எழுதியது:

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். ஒன்றும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நான் கற்றுக்கொண்டது என் மாமாவிடம். அவர் முதலில் சொல்லிக் கொடுத்தது அந்தப் பிடிதான். "தலை கைக்குள் வந்துவிட்டால் பாம்பு கயிறு" என்பார். பதினைந்து வருடத்தில் அந்தச் சொல் ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. அதனால்தான் முதல் நாள் அப்படி எழுதினேன். அந்த விரல் போன அண்ணனைப் பிடி தெரியாதவர் என்று சொன்னதற்குக் கடலோரம் அண்ணா மன்னிக்க வேண்டும். அவருக்கும் யாரோ அதே பிடியைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

ஒரு கேள்வி. டப்பாதான் வழியா? துணிப்பையில் போட்டுக் கொண்டுபோக முடியாதா? நாங்கள் பை முறைதான்.


வளைத்தோண்டி எழுதியது:

பை வேண்டாம். துணிக்கு வெளியேயும் பல் வரும். பையைத் தொடையோடு ஒட்டித் தூக்கிப் போவீர்கள், அவ்வளவு போதும் அதற்கு. வாலைப் பிடித்துத் தூக்குவதும் ஆகாது, குட்டைப் பாம்பு, சுருண்டு ஏறிக் கைக்கு வந்துவிடும். இடுக்கி இறுகினால் இந்தச் சின்ன உடம்பு நசுங்கும். உயரமான, வழுக்கும் பிளாஸ்டிக் பாத்திரம், மூடி, நீளக் குச்சி. அந்த அண்ணன் செய்ததை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.


சாரைப்பிடி எழுதியது:

எழுதிக்கொண்டேன். மகன் அடுத்த மாதம் வேலைக்கு மொசாம்பிக் போகிறான். என் கூடவே அலைந்து பாம்பு பிடிக்கக் கற்றுக்கொண்டவன். இதைத்தான் அவனிடம் இன்று காட்டினேன்.


கடலோரம் எழுதியது:

மன்னிப்பெல்லாம் எதற்குத் தம்பி. மகனுக்கு வாழ்த்து.

இன்று அந்தப் பாம்பு பிடிப்பவரிடம் போனில் பேசினேன். பாம்பை ஊரைத் தாண்டி ஒரு புதர்க்காட்டில் விட்டுவிட்டாராம். பக்கத்து வீட்டுப் பெரியவர் கார் நிறுத்தும் கதவின் அடியில் இருந்த சந்தைப் பார்த்துவிட்டு ரப்பர் பட்டை ஒன்று கொண்டுவந்து, அவரே குனிந்து ஒட்டிக் கொடுத்தார். ஒட்டி முடித்து எழுந்து, தரையைக் காட்டி, "பாம்பு, நோ" என்றார்.

வெளியே மறுபடியும் தூறல். குப்பையை நாளைக் காலை வெளிச்சத்தில் வைத்துக்கொள்கிறேன்.